முழங்காலுக்கு முந்நூறு வைத்தியர்

நம் ஊரில் மூட்டுவலிக்காரர் கடைசியாகப் பார்க்கும் ஆள் டாக்டர்தான். அதற்கு முன் வரிசை நீளம். "எல்லாம் வாயு சார், உருளைக்கிழங்கை நிறுத்துங்க" என்று தீர்ப்புச் சொல்வார் மாடி வீட்டுக்காரர். முடக்கத்தான் தோசை ஒரு மண்டலம். பிறகு புத்தூர் கட்டு. எலும்பு முறிவுக்குப் பேர்போன கட்டை முறியாத முழங்காலுக்கு ஏன் போடவேண்டும் என்று கேட்டால் கோபம் வரும். நடுவில் மருந்துக்கடைக்காரர், வலி மாத்திரைப் பட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கி, காலாவதி தேதி இருக்கும் பக்கத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மீதியைக் காகித உறையில் போட்டுத் தருவார். மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் என்னவாகும் என்பது உறையில் அச்சாவதில்லை.

காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரம், இரு கையிலும் கணுக்கள் வீக்கம், 6 வாரமாகியும் தணியவில்லை என்றால், அது முடக்குவாதமாக இருக்கலாம். வயசுக் கோளாறு என்று தள்ளமுடியாது. 30 வயதிலும் வரும். அதற்கென்றே ரூமட்டாலஜி என்று ஒரு துறை, சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலேயே இருக்கிறது. அங்கே பெரும்பாலும் எழுதித்தரும் மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரு நாள்தான் போடவேண்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

வீட்டில் பெரியம்மாவுக்குத் திருப்தியில்லை. "வாரத்துக்கு ஒரு நாளா? என்ன டாக்டரோ!" மீதி 6 நாளுக்கு அவரிடம் தைலம் தயார்.