முதல் வகுப்புக்கு முன்னால்: கேள்வி - பதில்

கேள்வி: அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் ஒரு சிங்கள அக்காவுக்கு ஸூமில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். சனிக்கிழமை முதல் வகுப்பு. அரிச்சுவடியில் தொடங்கவா?
- ஒரு வாசகி, பசறை

பதில்: அரிச்சுவடி எங்கேயும் ஓடிப்போகாது தங்கச்சி, அது அலமாரியிலேயே இருக்கட்டும். இன்றைக்கே அவருக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டு, தமிழில் யாரோடு என்ன பேசவேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். 2007 ஜூலைக்குப் பிறகு சேவையில் சேர்ந்த உத்தியோகத்தர்கள் 5 வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. அந்தப் பரீட்சைக்காகப் படிக்கிறார் என்றால் எழுத்தும் சீக்கிரம் வேண்டும். தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் என்றால், "காய்ச்சல் எப்போ இருந்து?" என்று கேட்கத் தெரிவதுதான் அவசரம்.

எதற்காகப் படித்தாலும் முதல் நாள் அவரைப் பேசவிடுங்கள். நீங்கள் கச்சேரிக்கு வந்த தோட்டத்துப் பெண்ணாக மாறி, "மிஸ், புள்ளைக்குப் பொறப்புப் பத்திரம் எடுக்கணும்" என்று ஆரம்பியுங்கள். பேர் என்ன, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று அவர் கேட்கவேண்டும். முதல் தடவை கொப்பியைப் பார்த்துக் கேட்பார், மூன்றாம் தடவை உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பார். அந்த மூன்று கேள்வி வாயில் நின்றால் போதும், திங்கட்கிழமையே கந்தோரில் அவருக்கு வேலைக்கு ஆகும். இருபது பக்கம் நோட்ஸ் தயாரிப்பதைவிட இதைத் தயாரிப்பதுதான் கஷ்டம். மாணவி யார் என்று தெரியாமல் இதை எழுதவே முடியாது.

கேள்வி: நம் தோட்டத்துப் பேச்சைச் சொல்லிக்கொடுத்தால் மதிப்பாரா? புத்தகத் தமிழ்தானே நல்லது?
- ஒரு வாசகர், அப்புத்தளை

பதில்: இந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது தம்பி. 1948இல் சட்டம் போட்டு நம் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆனது. அத்தனை வருடப் பாட்டையும் நம் சனம் இந்தப் பேச்சில்தான் பேசித் தீர்த்தது. நமுனுகுலைப் பக்கம் வேலைக்கு வருபவர் காதில் பெரட்டு, கொழுந்து, அரைப்பேர் எல்லாம் விழத்தான் போகிறது. அதைச் சொல்லிக்கொடுக்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்? பேச்சைப் பேச்சாகச் சொல்லுங்கள், எழுதும் முறையைப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். தலை குனிய இதில் ஒன்றுமில்லை.

கேள்வி: லயத்தில் சிக்னல் ஒரு கோடுதான் வருகிறது. என்ன செய்ய?
- ஒரு வாசகி, தெமோதரை

பதில்: 2021இல் போஹிட்டியாவப் பிள்ளைகளும் அவர்களுடைய டீச்சரும் ஒன்லைன் வகுப்புக்காக மலைப்பாறை ஏறியது உலகச் செய்தியானது. உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம். வகுப்பு நடக்கும் அதே நேரம், அதே மூலையில் உட்கார்ந்து முதல்நாள் ஒரு சிநேகிதியை அழைத்துப் பாருங்கள். இழுத்தால் வீடியோவை நிறுத்துங்கள், மொழி வகுப்புக்குக் குரல்தான் முக்கியம். தகரத்தில் மழை கொட்டினால் நீங்கள் சொல்வது ஒன்றும் அந்தப் பக்கம் போகாது, அதனால் மைக் உள்ள இயர்போன் கட்டாயம். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் நம் பக்கம் இடி முழக்கம் என்பதால் காலை நேரம் கேளுங்கள். லைன் கட்டானால் யார் திரும்ப எடுப்பது என்றும் முன்கூட்டியே பேசி வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எடுத்து, இரண்டு பேருக்கும் பிஸி என்றே வரும்.

கேள்வி: டொரொண்டோவில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு வகுப்பு. எத்தனை மணிக்கு வைக்கலாம்?
- ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: அங்கே சனிக்கிழமை காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. மார்ச்சிலும் நவம்பரிலும் மணிக்கூட்டைத் திருப்புவது அவர்கள்தான், நாமில்லை. அந்த இரண்டு வாரமும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை நினைவுபடுத்துங்கள். முதல் வகுப்பில் அம்மாவும் கூட இருக்கட்டும், பிள்ளைக்குக் கூச்சம் தெளியும். பிள்ளையிடம் கேட்ட கேள்விக்கு அம்மா பதில் சொல்லக்கூடாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.