குருட்டாம்போக்குல போடாதலே!

ஏலே பேராண்டி, ஞாயித்துக்கிழமைப் பேப்பர்ல அந்தச் சுடோக்குப் பக்கம் மட்டும் ஓட்டை விழுந்து கெடக்கே, எலி கடிச்சுட்டோன்னு பாத்தேன். நீதானா! ‘கடினம்’னு போட்ட கட்டத்துல குத்துமதிப்பா ஒரு 5 போடுத. அது கீழ போயி இன்னொரு 5 கூட முட்டுது. அழிச்சுட்டு 8 போடுத. தாளு என்னலே பண்ணும், பாவம்.

மூஞ்சியத் தூக்காத, உக்காரு. நீ காலேஜு படிச்ச புள்ள, நான் அஞ்சாப்பு. ஆனா இதுல கூட்டல் கழித்தலே கெடையாது, அதனால நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான். சப்பான்காரன் மூளைன்னு பெருமையடிச்சியே, அந்த ஊரு நிக்கோலிப் பத்திரிகை 1984ல கொண்டாந்து பேரு வச்சதுதான். அதுக்கு முன்னாடி 1979லயே அமெரிக்காவுல டெல் பத்திரிகையில வந்துட்டு. போட்டவரு ஹோவர்டு கார்ன்ஸ்னு ரிட்டயர்டான கட்டட வரைபடக்காரரு. 2004ல லண்டன் டைம்ஸ் பேப்பர்ல நுழைச்ச வெய்ன் கூல்டும் ஹாங்காங்குல ஜட்ஜா இருந்து ஓய்வு பெத்தவரு. கெழவனுக காரியம்லே இது. உன் அவசரத்துக்கு மசியாது.

நீ ஒவ்வொரு கட்டத்துகிட்டயும் போயி ‘எது வரும்’னு கெஞ்சுத. எது வராதுன்னு கேளு. காலிக் கட்டத்துல வரத் தோதான நம்பரையெல்லாம் மூலையில பொடிசா எழுதிக்கோ. கை வலிக்குமாம்ல தொரைக்கு!

எழுதியாச்சா? ஒரே வரிசையில ரெண்டு கட்டத்துல 3, 8 ரெண்டு மட்டும் நிக்குன்னு வையி. பந்தியில ரெண்டு எலைக்கு மாப்பிள்ளை வீட்டாளுக ரெண்டு பேரு துண்டு போட்டாச்சு. யாரு எதுல உக்காந்தா உனக்கென்ன? அந்த வரிசையில மத்த கட்டத்துல கெடக்க 3, 8 எல்லாத்தையும் அடிச்சிரு.

அடுத்தது எக்ஸ்-விங். 2ஆம் வரிசையில 6 வர ரெண்டே எடம்: 3ஆம் பத்தி, 8ஆம் பத்தி. 7ஆம் வரிசையிலயும் அதே ரெண்டு பத்திதான். மேல 3ல விழுந்தா கீழ 8ல விழணும். மேல 8னா கீழ 3. எப்படிப் பொரண்டாலும் அந்த ரெண்டு பத்திக்கும் 6 கெடைச்சாச்சு. மிச்ச வரிசைகள்ல அந்தப் பத்திகள்ல எழுதுன 6 எல்லாம் வெட்டி. மூணு வரிசை, மூணு பத்தின்னு விரிஞ்சா ஸ்வார்ட்ஃபிஷ்ஷுங்கான், சூட்சுமம் அதேதான்.

ஒய்-விங்குலதான் நீ முழிப்ப. முதல் வரிசை முதல் கட்டத்துல 1, 5. அதே வரிசை ஆறாவது கட்டத்துல 1, 9. முதல் பத்தியில அஞ்சாம் வரிசையில 5, 9. மூலைக் கட்டம் 1 ஆனா வலப்பக்கம் 9. 5 ஆனா கீழ 9. ரெண்டுல ஒரு எடத்துல 9 உறுதி. அப்போ அஞ்சாம் வரிசை, ஆறாம் பத்தி கூடுற எடம் ரெண்டையும் பாக்குல்லா? அங்க 9 வரவே வராது. ஒரு நம்பரும் கண்டுபிடிக்கல, ஆனா ஒண்ணைத் தொரத்தியாச்சு. இதுக்குப் பொறுமை இருந்தா நீ ஏன்லே தாளைக் கிழிக்க?

கடைசியா ஒரு கள்ளத்தனம் சொல்லுதேன், வெளிய சொல்லாத. ரெண்டு வரிசை, ரெண்டு பத்தி, ரெண்டே பெட்டிக்குள்ள நாலு கட்டம். மூணுல 2, 7 மட்டும். நாலாவதுல 2, 7, 4. அங்க யோசிக்காம 4 போடு. இல்லன்னா 2ஐயும் 7ஐயும் எடம் மாத்தி ரெண்டு விடை வந்துரும், ஒழுங்கா புதிர் போடுதவன் அப்படி விடமாட்டான். அவன் யோக்கியமே நமக்குத் துப்பு!

உன் கூட்டாளி வாட்சப்புல அனுப்புத கட்டத்துல இந்த வேலையக் காட்டாத. மொதல்ல குடுத்த நம்பரை எண்ணு. 17க்குக் கொறஞ்சா ஒத்தை விடை வராதுன்னு டப்ளின்ல கேரி மெக்குவயர்னு கணக்கு வாத்தியாரு கம்ப்யூட்டர வச்சு 2012லயே காட்டிட்டாரு. 17 இருந்துட்டாலே யோக்கியம்னும் இல்ல. 16 இருந்துச்சுன்னா கட்டத்தை மடக்கி வச்சுட்டு, போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு.