சைக்கிளுக்கு 12, காருக்கு 5

கோடி ரூபாய் மின்சாரக் கார் வாங்கினால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். சைக்கிள் வாங்கினால் 12. 2019 ஆகஸ்டிலிருந்து ஆறு வருஷம் இந்த நாட்டில் இதுதான் நடந்தது. கரியமில வாயுவைக் குறைக்கிறார்களாம்! 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 5. கோடீஸ்வரனும் கூலிக்காரனும் ஒன்றாகிவிட்டார்கள், கைதட்டுங்கள்.

பசுமை வாகனங்களின் அறம் பற்றி ஆராய வரும் ஐயாமாரே, சென்னைக்கு வடக்கே எங்கள் கவரைப்பேட்டையில் இறங்குங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு நைட் ஷிப்ட் போகிறவனைப் பாருங்கள். செயின் கவர் கழன்ற சைக்கிள், ஹேண்டில்பாரில் சோற்றுத் தூக்கு, பேன்ட் நுனியில் ரப்பர் பேண்டு. ஜி.என்.டி. ரோட்டில் டிரெய்லர் லாரி அவன் முழங்கையை உரசிக்கொண்டு போகிறது. புகையே விடாத வண்டிக்காரன் இவன். மின்சாரக் காருக்குச் சாலை வரியை முழுசாகத் தள்ளுபடி செய்த தமிழ்நாட்டு அரசு, இவனுக்கு ஓரமாக மூன்றடிப் பாதை போட்டதா?

மின்வண்டியும் எங்களிடம் உண்டு. சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி லோக்கல். நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கரண்டில் ஓடுகிறது, நாங்களும் தொங்குகிறோம். கவரைப்பேட்டை ஸ்டேஷனை டெல்லி திரும்பிப் பார்த்தது 2024 அக்டோபர் 11 அன்று, பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனில் நின்ற சரக்கு ரயிலில் மோதியபோது.

சரி, காருக்குக் கரண்ட்? எங்களுக்குத் தெற்கே வல்லூரில் மட்டும் 1500 மெகாவாட், அத்தனையும் நிலக்கரி. அனல்மின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்த கதையை எண்ணூர் மீனவரிடம் கேளுங்கள். கந்தகப் புகைக்கு 2015-லேயே விதி போட்டார்கள், இரண்டு வருஷம் கெடு. கெடுவைத் தள்ளித் தள்ளி, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல் அலகுகளுக்கு கந்தகத்தை நீக்கும் கருவியே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

மின்சாரக் கார்கள் பலவற்றிலும் 12 வோல்ட் ஈய பேட்டரி ஒன்று உண்டு. அது செத்தால் எங்கே உருக்குவார்கள், பணக்காரர்கள் குடியிருக்கும் போட் கிளப்பிலா? ஈய உலைகள் இருப்பது கும்மிடிப்பூண்டியில். குழந்தை உடம்பில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளில் சான்றிதழ், கணக்கு, இணையதளப் பதிவு எல்லாம் இருக்கிறது. உலைக்குப் பின்னால் குடியிருக்கும் பிள்ளையின் ரத்தத்தைச் சோதிக்கும் வேலையை யார் தலையில் கட்டியிருக்கிறார்கள்? கண்டுபிடித்துச் சொன்னால் டாக்டர் பட்டத்தை நாங்களே தருகிறோம்.

‘மின்வாகனம் வாங்க விருப்பமா?’ என்று படிவத்தை நீட்டுவீர்கள். நிரப்பித் தருகிறோம். ஆனால் காரில் வராதீர்கள். சாயங்காலம் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறுங்கள். ஏற முடிந்தால் பேட்டி.