கோழிக்கு எட்டு மணி நேரம் இருட்டு

போன சனிக்கிழமை என் மகன் படிக்கும் பள்ளியில் பெற்றோருக்குக் கூட்டம். 'வளரிளம் பருவத்தினரின் ஆரோக்கியமான உறக்கம்' என்று பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். பொன்னாடை போர்த்திக்கொண்ட பேச்சாளர் சரியாகத்தான் சொன்னார்: இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும், படுக்க ஒரு மணி நேரம் முன்பே செல்போனை வாங்கி வைத்துவிடுங்கள். எல்லோரும் கை தட்டினோம். தட்டாதவர்கள், நாற்காலி தூக்கிப் போட வரவழைக்கப்பட்டு, ஓரமாக உட்கார்ந்தபடியே தூங்கிப்போன பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள்தான்.

அன்று இரவு 10.40-க்குப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் வேதியியல் வினாத்தாள் வந்து விழுந்தது. காலை ஏழு மணி ஸ்பெஷல் கிளாஸுக்கு விடையோடு வர வேண்டுமாம். காலை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை. செல்போனை எத்தனை மணிக்கு வாங்கி வைக்கட்டும் என்று கேட்கலாமென்று போனால், அங்கே அட்மின் மட்டும்தான் பேச முடியும்.

பருவ வயதில் மெலட்டோனின் சுரப்பதே பிந்திப்போகிறது. பத்தரை, பதினொன்றுக்கு முன் கண்ணை மூடு என்றால் மூடாது. அதற்குப் பேர் திமிர் இல்லை. உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் பிள்ளைகளும் அதைப் பொது அறிவுக் கேள்வியாக மனப்பாடம் செய்கிறார்கள், நள்ளிரவு ஒரு மணிக்கு. கலிபோர்னியாவில் 2022 ஜூலையிலிருந்து, சில கிராமப்புற மாவட்டங்கள் தவிர, உயர்நிலைப் பள்ளிகளைக் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாதென்று சட்டமே இருக்கிறது. வாசலில் 'இன்டர்நேஷனல்' என்று பலகை மாட்டியவர்கள் கோட்டையும் டையையும் இறக்குமதி செய்தார்கள். இதைச் செய்யவில்லை. எங்கள் தெருவுக்கு வேன் 6.15-க்கு வருகிறது.

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். விளக்குப் போட்டுப் பகலை நீட்டி, கோழிக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் காட்டுவார். மிச்சம் எட்டு மணி நேரம் இருட்டு. கருணையெல்லாம் கிடையாது, கணக்கு. அந்த எட்டில் கை வைத்தால் முட்டையில் அடி விழும் என்று அவருக்குத் தெரியும். பிறகு, அதே வட்டாரத்து விடுதிகளில் தங்கிப் படித்துவிட்டு வந்த பிள்ளைகளையும் கேளுங்கள். ராத்திரி பதினொன்று வரை ஸ்டடி, விடியற்காலை நாலரைக்கு மணி. இவற்றைப் போய் 'பிராய்லர் பள்ளி' என்கிறோமே, கோழிகள் மானநஷ்ட வழக்குப் போடாதது நம் அதிர்ஷ்டம்.

நாம் மட்டும் யோக்கியமா? கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, "எம் பையன் நாலு மணி நேரந்தான் சார் தூங்குறான்" என்று வடையைப் பிட்டுக்கொண்டே பெருமையடிப்பது யார்? கட்டணத்தைத் தவணை தவறாமல் கட்டுவதும் நாம்தானே.

கூட்டம் முடிந்து ஆளுக்கொரு 'உறக்கப் பதிவேடு' கொடுத்தார்கள். தினமும் படுத்த நேரம், எழுந்த நேரம் எழுதிப் பெற்றோர் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கும் ஐந்து மதிப்பெண். நேற்று இரவு மகன் ஒரு வாரத்தையும் ஒரே மூச்சில் எழுதினான். ஏழு நாளும் படுத்தது 9.30, எழுந்தது 6.00. நடுவில் இரண்டு இடத்தில் 9.40 என்று மாற்றினான். அப்போதுதான் நம்புவார்களாம்.

"கையெழுத்துப் போடுங்கப்பா."

ஏழு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். மணி பன்னிரண்டு ஐம்பது. அடுத்து அவன் இயற்பியல் நோட்டைத் திறந்தான்.