கறுப்புக் கார்க்காரர்

இரவு பத்து மணிக்கு மேல் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தும் தளத்தில் ஒருவர் டார்ச் லைட்டோடு ஒரு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தால், திருடன் என்று கூச்சல் போட்டுவிடாதீர்கள். திருடனாக இருந்தால் வண்டியைத் தொடுவான். இவர் தொடமாட்டார்; அடுத்தவரையும் தொடவிடமாட்டார். இவர்தான் கறுப்புக் கார்க்காரர். சென்னையில் குடியிருப்புக்கு ஒருவர் வீதம் இருக்கிறார். வாட்ச்மேனுக்கு நல்ல பழக்கம். "ஒண்ணுமில்ல, சாரு கோடு தேடுறாரு" என்று புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பார்.

கறுப்பு வாங்கும்போதே வீட்டில் எதிர்ப்பு. வெயில் ஊரில் கறுப்பு சூட்டை இழுக்கும் என்றார் மைத்துனர். சனீஸ்வரன் நிறம் என்றார் அம்மா. நம்மவர் ஷோரூம் கொடுத்த நிறப்பட்டியலை விரித்து, "இது வெறும் கறுப்பு இல்லம்மா, மிட்நைட் பிளாக்" என்று விளக்கினார். "நடுராத்திரி வேறயா!" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். வண்டி வீட்டுக்கு வந்த அன்று கதவில் தன் முகம் தலைசீவிக்கொள்ளும் அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நம்மவர் அங்கேயே விழுந்துவிட்டார். இன்னும் எழுந்திருக்கவில்லை.

சுகம் சில மாதம்தான். ஓர் இரவு பெட்ரோல் பங்கில் எல்.இ.டி. விளக்குக்கு நேர் கீழே வண்டி நின்றபோது, பானெட்டில் விழுந்த விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் மின்னின. இந்தக் கோடுகள் உண்மையில் வட்டமாக விழுவதில்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. விளக்கொளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. வெள்ளைக் காரிலும் இதே கோடுகள் இருக்கும். வெள்ளை தானே ஒளியை நாலாபக்கமும் இறைக்கிறது; கோட்டின் மினுக்கம் அதில் கரைந்துபோகும். கறுப்போ வந்த ஒளியை விழுங்கிக்கொண்டு கோட்டை மட்டும் காட்டிக்கொடுக்கும். வெள்ளைக் கார்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்குவதற்குக் காரணம் அவர்கள் வண்டி ஒழுங்கு என்பதல்ல. அது வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

கோடு போட்டவர் யார் என்று கண்டுபிடிக்க நம்மவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. விடிகாலையில் ஒரே பக்கெட் தண்ணீர், ஒரே பனியன் துணியோடு முப்பது வண்டி துடைக்கிற தம்பி. முதல் வண்டியின் மண்ணைத் துணியில் வாங்கி முப்பதாவது வண்டிவரை பாரபட்சமில்லாமல் பரிமாறுபவர்.

"தம்பி, நாளையிலேருந்து என் வண்டியத் தொடாத."

"மாசக் காசு சார்?"

"அதை வாங்கிக்கோ. தொடாம இருக்கறதுக்குத்தான் குடுக்கறேன்."

இதற்குப் பிறகு அவர் பேச்சில் மைக்ரான் நுழைந்தது. கம்பெனி பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான்; அதில் மேலே நிறமில்லாமல் பளபளக்கிற கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான்; தலைமுடி ஒன்றின் பருமன்கூடக் கிடையாது என்பதை அவர் மின்தூக்கியில் நாலு மாடி ஏறுவதற்குள் சொல்லி முடித்துவிடுவார். பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவி ஒன்றும் வாங்கினார். முதலில் கார். பிறகு ஃபிரிட்ஜ். பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் கார், அவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து. அம்மாவின் பழைய இரும்பு பீரோவை அளந்தபோது காரைவிட அதிகம் காட்டியது. பல பொங்கலுக்கு அடித்த பெயிண்ட் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே இருக்கிறதே! நம்மவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. முன் பம்பரில் வைத்தால் கருவி எண்ணே காட்டவில்லை என்பது இன்னொரு கவலை. பம்பர் பிளாஸ்டிக், கருவிக்கு உலோகம் வேண்டும் என்று மகள் சொல்லித்தான் தேறினார்.

வியாதி முற்றினால் செராமிக் கோட்டிங். டீட்டெய்லிங் கடைக்காரர் 9எச் கடினம் என்றார். வைரமே பத்துதான் சார் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த 9எச் பென்சில் கணக்கு. தட்டையாகத் தேய்த்த பென்சில் முனையால் பூச்சைக் கீறிப் பார்க்கும் சோதனையில் இருப்பதிலேயே கெட்டியான பென்சிலுக்கும் தாங்கியது என்று பொருள். வைரத்தின் பத்து, தாதுக்களை அளக்கும் வேறொரு கணக்கு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் வியாபாரம். ஆனால் ஒரு விஷயத்தில் நம்மவரை யாரும் ஏமாற்ற முடியாது. கோட்டிங் கீறலை மறைக்காது. அடியில் என்ன இருக்கிறதோ அதைக் கண்ணாடி போட்டு வைத்ததுபோல் பத்திரப்படுத்திவிடும். ஆகவே காசும் உழைப்பும் பூசுவதற்கு முன் போடும் பாலிஷில்தான். இதை அவர் சொல்லும்போது சிரிப்பவர்கள் சிரிக்கலாம், விஷயம் உண்மை.

நாள் குறிப்பதில் தம்பதிக்குள் சண்டை. மனைவி ராகுகாலம் பார்த்தார். கணவர் காற்றின் ஈரப்பதம் பார்த்தார். ஈரம் கூடினால் கோட்டிங் சட்டென்று இறுகிவிடும். துடைக்கக் கொஞ்சம் தாமதித்தால் திட்டுத் திட்டாக நின்றுவிடும். சென்னையில் ஈரமில்லாத நாளும் ராகுகாலமில்லாத நாளும் ஒன்றுதான் என்பதால் கடைசியில் மனைவி சொன்ன நாளே நின்றது.

வேலை நடக்கும் நாளில் வண்டியை விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை அவர். ஆபீசுக்கு லீவு. முதலில் நுரை அடித்துக் கழுவினார்கள். இரும்புத் துகள் நீக்கும் மருந்தைத் தெளித்ததும் கறுப்பு உடம்பிலிருந்து ஊதா நிறத்தில் வழிந்தது. பிரேக்கிலிருந்து பறந்து வந்து பெயிண்டில் குத்தி நிற்கும் இரும்புப்பொடி அப்படிக் கரையும். நம்மவர் அதை வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். "வண்டிக்கு என்ன ஆச்சு, அடிபட்டுடுச்சா?" என்று மதுரையிலிருந்து சித்தி கேட்டார். அடுத்து களிமண்போல் பிசையும் கட்டியால் தேய்த்தார்கள். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நம்மவர் ஒவ்வோர் இடமாகத் தடவிப் பார்த்தார். பை போட்டால் வெறுங்கைக்குத் தெரியாத பொருக்கும் தெரியும். தெரிந்தது. மறுபடி தேய்த்தார்கள்.

ஓரங்களில் டேப் ஒட்டினார்கள். ஓரத்தில் பெயிண்ட் மெல்லிசு, மெஷின் கொஞ்சம் அழுந்தினால் அடிப்பூச்சு வெளியே வந்துவிடும். பிறகு காம்பவுண்ட் தடவி, இரண்டடிக்கு இரண்டடி பாத்தி கட்டி, மெஷின் மெதுவாக நெடுக்கேயும் குறுக்கேயும் போய்வந்தது. மாஸ்டர் வாய் திறக்காமல் வேலை செய்தார். வேலை தெரிந்தவர். மணிக்கணக்கில் குனிந்து, தன் நிழல் விழாமல் விளக்கைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டு, கை அழுத்தம் மாறாமல் மெஷினை நகர்த்துவது லேசான காரியமில்லை. நடு நடுவே பேடைக் கழற்றிப் பிரஷ்ஷால் சுத்தம் செய்துகொண்டார்.

கடைசியில் வண்டி கிணற்றுத் தண்ணீராக மின்னியது. கடைக்காரர் பெருமையோடு பார்த்தார். நம்மவர் சட்டைப்பையிலிருந்து சின்ன ஸ்பிரே பாட்டிலை எடுத்தார். உள்ளே ஐசோபுரோபைல் ஆல்கஹால். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கோட்டை நிரப்பி மூடிக்கொண்டிருக்கும். ஆல்கஹால் அடித்துத் துடைத்தால் எண்ணெய் போகும், உண்மை வரும். வந்தது. நாலு கோடு.

"எடுத்துடலாம் மாஸ்டர்."

"சார், கோட்டை யாரும் எடுக்க முடியாது. அது எவ்ளோ ஆழமோ, சுத்தி இருக்கிற பெயிண்ட அவ்ளோ இறக்கறோம். அதான் பாலிஷ். இதுக்கு மேல இறக்கினா கிளியர் கோட் போயிடும்."

எதற்காக இந்தப் பாடு என்றால் பெயிண்டைக் காப்பாற்ற. எப்படிக் காப்பாற்றுகிறோம் என்றால் சீவிச் சீவி. இந்தக் கணக்கு உதைத்தது நம்மவருக்கும் புரிந்திருக்க வேண்டும். அளக்கும் கருவியை எடுத்து வைத்துப் பார்த்தார், பேசாமல் உறைக்குள் போட்டார். நாலில் மூன்று கோடு சமாதானமாகப் போயிற்று. நாலாவது, பக்கத்து சீட் கதவில், கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் குழிவில், நகம் பட்ட கீறல். அந்தக் கதவைத் திறப்பவர் ஒருவர்தான். அதைப்பற்றி வீட்டில் பேச நம்மவருக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

பூசி முடித்தார்கள். ஏழு நாள் தண்ணீர் படக்கூடாது என்றார்கள். நம்மவர் மெட்ரோவில் ஆபீஸ் போனார். எட்டாம் நாள் கழுவ போர்த் தண்ணீர் கூடாது, காய்ந்தால் கறுப்பில் வெள்ளை வெள்ளையாக உப்பு வட்டம் நிற்கும் என்பதால் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரைக் குடம் குடமாகச் சேர்த்து வைத்தார். அதற்குள் நாலாம் நாளே அம்மா, இவ்வளவு மினுமினுத்தால் ஊர்க்கண் படும், பூஜை போட்டே ஆகவேண்டும் என்று நின்றுவிட்டார். தெருமுனைப் பிள்ளையார் கோயில். குருக்கள் விரலில் சந்தனத்தை எடுத்துக்கொண்டு பானெட்டை நோக்கி வந்தார். நம்மவர் குறுக்கே பாய்ந்தார்.

"சாமி, பானெட்ல வேண்டாம். கண்ணாடில வைங்க."

"கண்ணாடில வச்சா ரோடு எப்படிப்பா தெரியும்?"

"அப்போ நம்பர் பிளேட்ல."

குருக்கள் குனிந்து நம்பர் பிளேட்டில் பொட்டு வைத்தார். மாலையை எடுத்தார், நார் உரசும் என்று நம்மவர் வாங்கி ஸ்டீயரிங்கில் மாட்டினார். எலுமிச்சம்பழத்துக்கு ஆட்சேபம் இல்லை. டயருக்குக் கோட்டிங் கிடையாது. தேங்காயைக் கையில் எடுத்ததும்தான், "ஒரு நிமிஷம் சாமி" என்று ஓடிப்போய் வண்டியில் ஏறி, ரிவர்ஸ் எடுத்து, பேருந்து நிறுத்தம் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தினார்.

குருக்கள் கையில் தேங்காயோடு அம்மாவைப் பார்த்தார். "பூஜை வண்டிக்கா, ரோட்டுக்கா?"

"வண்டி நன்னாத்தான் இருக்கு சாமி" என்றார் அம்மா. "அதை அவன் தலைய ஒரு சுத்து சுத்தி உடைங்கோ."