இலக்கில்லாமல் இருக்க ஓர் இலக்கு

மாமா தியான வகுப்பில் சேர்ந்துவிட்டார். இலக்கு: தினமும் 20 நிமிடம் எந்த இலக்கும் இல்லாமல் இருப்பது. ஒருநாள் தவறினாலும் செயலி கோபித்துக்கொள்ளுமாம். கல்யாணப் பந்தியிலும் இலை முன்னால் கண்ணை மூடுகிறார், ரசம் ஆறுகிறது.

ராத்திரி பதினொரு மணிக்குக் கூடத்தில் நடை. 10,000 அடிக்கு இன்னும் 400 பாக்கி. அந்தப் பத்தாயிரம் எந்த வைத்தியரும் எழுதிக்கொடுத்ததல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் தான் விற்ற நடைமானிக்கு வைத்த பெயரில் இருந்த எண். (ஏழாயிரம் என்று வைத்திருந்தால் மாமா எப்போதோ தூங்கியிருப்பார்.)

“கால் வலிக்குதுன்னீங்களே, உட்காருங்களேன்” என்றார் மாமி.

“உடம்பு சொல்றதைக் கேக்கறது நாளைக்குக் காலையில. ஆறு மணி வகுப்பு.”