நடுங்கும் தம்ளர்

டைனோசர் படம் எடுக்கக் கிளம்புகிறவர் முதலில் வாங்குவது ஒரு தம்ளர். 1993-இல் ‘ஜுராசிக் பார்க்’கில் ஸ்பீல்பெர்க், காரின் டேஷ்போர்டில் தண்ணீரை நடுங்கவிட்டார். வளையம் வளையமாக அலை எழ, அடியில் கிட்டார் தந்தியைக் கட்டிச் சுண்டினார்கள். அன்று பிடித்த நடுக்கம், உலகத்துத் தம்ளர்களை இன்னும் விட்டபாடில்லை. தண்ணீருக்குப் பதில் காபியை ஊற்றிவிட்டு, “முழுக்க என் சொந்தக் கற்பனை” என்று பேட்டி கொடுத்தால் வேலை முடிந்தது.

இதைவிடச் சாமர்த்தியமாக இரவல் வாங்கியவர்கள் உண்டு. அணுகுண்டுச் சோதனையால் விழித்தெழுந்த டைனோசர் நியூயார்க்கைத் துவம்சம் செய்யும் அமெரிக்கப் படம் 1953-இல் வந்தது. மறு ஆண்டே ஜப்பானின் தோஹோ நிறுவனம் அந்தக் கருவை எடுத்துக்கொண்டது, காட்சிகளை விட்டுவிட்டது. அமெரிக்க ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் விழுந்த வருடம் அது. அந்தப் பீதியைத்தான் ‘காட்ஜில்லா’வுக்குள் வைத்தார்கள். பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடிக்க நேரமில்லை. ரப்பர் உடைக்குள் ஆளை இறக்கினார்கள். உறுமல் வேண்டுமா? இசையமைப்பாளர் இஃபுகுபே, டபுள் பாஸ் தந்திகளைத் தோல் கையுறையால் தேய்த்து வரவழைத்தார்.

ஆகவே இயக்குநர்களே, மிருகத்தை யாரிடமிருந்தும் கடன் வாங்குங்கள். பயம் மட்டும் உங்கள் ஊர்ப் பயமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் தம்ளர்தான் நடுங்கும், டிக்கெட் எடுத்தவர் கொட்டாவி விடுவார்.